காட்சியளவையும் கணினித் திரையும்

(கழுகுமலைத் திருக்கோயில்களை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி)

ஒரு பொருளைக் கண்டதாக ஒருவர் கூறுங்கால், அவர் கண்டது அப்பொருளையோ, அதன் சாயலையோ, அன்றிப் பிறர் அதனைப்பற்றி உரைத்த உரையையோ என வேறுபடுத்தி அறிதல் அளவைநூலார் கடன். இக்கடன் முன்னெக்காலத்தினும் இக்காலத்து மிகுதியும் வேண்டப்படுவதாயிற்று. திருக்கோயில்கள், கல்வெட்டுக்கள், ஏட்டுச்சுவடிகள் முதலாய பழஞ்செல்வங்கள் எண்மிய உருவம் பெற்றுக் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் எளிதிற் காணக் கிடைக்கின்றன. ஓரூரை மிதியாமலே அவ்வூர்க் கோயிலைக் கண்டோம் என்பார் பலராயினர். அங்ஙனம் கண்டார் யாது கண்டார், கண்டதற்கு யாது பொருள் கொண்டார் என்பன சைவ நூலுணர்ந்தார் ஆராய்தற்குரிய வினாக்களாம். அவற்றை வானத்தில் நின்று ஆராய்தலினும் ஒரு மலைமேல் நின்று ஆராய்தல் நன்று. அம்மலை கழுகுமலை.

கோவிற்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோயிலுக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை உளது. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மழைநோக்கி விளையும் கரிசற் சமவெளியின் நடுவே, ஒரே பாறையாய் எழுந்து நிற்பது இம்மலை. இதன்கண் மூவகைத் திருப்பணிகள் உள. மலையடியில் முருகப்பெருமான் கழுகாசலமூர்த்தி என்னும் திருநாமத்தோடு மேற்குநோக்கி எழுந்தருளியிருக்கும் குடைவரைக் கோயில் ஒன்று. மலைமேல், பாறையை ஏறத்தாழ ஏழரை மீட்டர் ஆழம் அகழ்ந்து, அகழ்ந்ததன் நடுவே விட்ட கல்லையே விமானமாகச் செதுக்கிய வெட்டுவான் கோயில் மற்றொன்று. அதே மலையின் பாறைமுகத்தில் வரிசைவரிசையாகப் புடைத்தெழச் செதுக்கப்பட்ட சமண தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின்கீழ் வட்டெழுத்தாற் பொறித்த சிறு கல்வெட்டுக்களும் பிறிதொன்று. வெட்டுவான் கோயில் கி.பி. 8ஆம் நூற்றாண்டிற் பாண்டியர் காலத்து எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இம்மூன்றனுள் இணையத்திற் பெருவழக்காய் உலவுவது வெட்டுவான் கோயிலின் படமே. அதன் எண்பட்டைச் சிகரமும், பூதகணங்கள் ஆடும் வரியும், தென்புறத்து மிருதங்கம் இயக்கும் தட்சிணாமூர்த்தி திருவுருவமும் காண்பார் உள்ளத்தைக் கவரும் தன்மையன. படமெடுத்தார் திறனும் பாராட்டத்தக்கதே. எனினும் அப்படங்களோடு சார்த்தி எழுதப்படும் விளக்கங்களை நோக்குமிடத்து, குறை படத்தின்கண் இல்லை, படத்தைக் காட்டும் முறையின்கண் உள்ளது என்பது புலனாகும். அஃது யாங்ஙனமெனின், கூறுதும்.

காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்பதும், ஏனைய அளவைகள் இம்மூன்றனுள் அடங்கும் என்பதும் சிவஞானசித்தியாரின் அளவையியலாற் பெறப்படும். அவற்றுட் காட்சியானது ஐயமும் திரிபும் நீங்கிய வழியே அளவையாம். அதுவும் இருதிறப்படும். ‘ஈதொரு பொருள் உளது’ என்னும் அளவில் நிற்பது நிருவிகற்பக் காட்சி. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தானும் இன்னதென்று தெளிவது சவிகற்பக் காட்சி. திரையில் ஒரு படம் தோன்றியவுடன் காண்பார்க்கு உண்டாவது பெரும்பாலும் முன்னையதே. ‘அழகியதொரு கற்கோயில்’ என்னும் அளவில் அறிவு நிற்கும். அதனைப் பின்னைய காட்சியாக உயர்த்துவது அப்படத்தின்கீழ் எழுதப்பட்ட குறிப்பு. எனவே எண்மியக் காட்சியைப் பொறுத்தவரை, கண் செய்யும் தொழிலிற் பாதியைக் குறிப்பெழுதுவோன் கை செய்கின்றது என்க. அக்கை பிழைபடின் கண்ணும் பிழைபடும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. படிகம் தன்னை அடுத்த மலரின் நிறத்தைத் தன் நிறம்போற் காட்டுதல் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். மலைமேல் நேரே நிற்பான் ஒருவனுக்கு அடுத்துள்ளவை பல: கல்லின் வெம்மை, காற்று, கீழே விரிந்த கரிசல், உடன்வந்தார் சொல், எதிர்ப்பட்ட முதியோர் சொல். திரைமுன் இருப்பானுக்கு அடுத்துள்ளது ஒரு குறிப்பே. பல மலரை அடுத்த படிகத்தினும் ஒரு மலரை அடுத்த படிகம் அந்நிறத்தில் அழுந்தித் தோன்றும் அன்றோ! ஆகலின் திரைக்காட்சிக்குத் துணையாம் குறிப்பு மிகத் தூயதாதல் வேண்டும். மேற்கூறிய ஐந்தனையும் உரைகல்லாகக் கொண்டு கழுகுமலைபற்றிய குறிப்புக்களை ஈண்டு உரைத்து நோக்கலாம்.

முதற்கண் பெயர். ‘வெட்டுவான் கோயில்’ என்பது வழிவழி வந்த வழக்குப்பெயர். ‘கழுகுமலை’ என்பதும் இன்றைய வழக்கு. பழங்கல்வெட்டுக்களில் இம்மலை ‘அரைமலை’ என வழங்கப்பெற்றுளது. இணையத்தில் ஒன்றைத் தேடுவார் பெயரைக் கொண்டே தேடுவர். இன்றைய பெயரொன்றையே ஏற்றிவைத்த குறிப்பு, பழம்பெயரால் தேடும் மாணாக்கனை வாயிலிலேயே திருப்பிவிடும். இதனினும் நுண்ணிய மயக்கம் ஒன்று கோவிற்பட்டியிலேயே உண்டு. அவ்வூரில் செண்பகவல்லியம்மை உடனாய பூவனநாதர் திருக்கோயில் உளது. வைகைக்கரையிலோ தேவாரப் பாடல்பெற்ற திருப்பூவணம் உளது. ‘வனம்’, ‘வணம்’ என ஓரெழுத்தே வேறுபாடு. எழுத்து நுட்பம் அறியாத பொறியும், அதனைத் திருத்தாத எழுத்தாளனும் சேர்ந்தால், திருப்பூவணத்துப் பதிகம் கோவிற்பட்டிப் பெருமான்மேல் ஏறுதற்கும், கோவிற்பட்டித் தலவரலாறு வைகைக்கரைக்குச் செல்லுதற்கும் இடமுண்டு. ஏடெழுதுவோர் பிழையால் ஒரு சுவடி கெடும். இணையத்துப் பிழை ஒரு பகலில் நூறு படியாகும்.

அடுத்தது சாதி, அஃதாவது இன்ன இனத்தைச் சேர்ந்தது என்னும் அறிவு. வெட்டுவான் கோயிலைத் ‘தென்னாட்டு எல்லோரா’ என்று அழைத்தல் பெருவழக்காயிற்று. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணனோடு சார்த்திக் கூறப்படுவது, அதே 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது, மேலிருந்து கீழாகப் பாறையை அகழ்ந்து செய்தது. இவ்வளவில் ஒப்புமை உண்மையே. ஆயினும் அது வாயிலும் மண்டபமும் துணைக்கோயில்களும் உடைய பெருந்தொகுதி. இஃது ஒரு விமானமே. ‘தென்னாட்டு எல்லோரா’ என்னும் சொல் காண்பார் உள்ளத்தில், ‘அதனைப் பார்த்து இதனைச் செய்தனர்’ என்னும் முடிபைச் சான்றின்றி நட்டுவிடுகின்றது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகள் இதற்கு முன்னரே பல்லவராற் செய்யப்பட்டன. கல்லிற் கோயில் காணும் அவா அக்காலத்துப் பல நாட்டு மன்னர்க்கும் பொதுவாய் இருந்தது. அவருட் பாண்டியர் செய்தது இது என்று கூறுதலே அமைவுடைத்து. உவமையால் ஒன்றனை உயர்த்தப் புகுந்து, அதன் தனிமையை இழப்பித்தல் புகழ்ச்சியாகாது.

மூன்றாவது குணம். அளவும் அமைப்பும் நிறமும் குணத்தின்பாற் படும். திரைக்கு ஒரு தீராக் குறை உண்டு. அங்கையளவான திருவுருவமும் மலையளவான திருவுருவமும் அதன்கண் ஒரே அளவினவாய்த் தோன்றும். பக்கத்தில் மனிதர் ஒருவரும் நில்லாதபடி காத்திருந்து எடுத்த படம் அழகுடைத்தாயினும், அளவறிவை அறவே போக்கிவிடும். ஒளிகூட்டி நிறம்மிகுத்த படங்களோ, வெயிலில் நின்று கருகிய பாறையைப் பொன்மலையாக்கிக் காட்டும். ஆண்டுச் சென்று பாறையின் உண்மை நிறத்தைக் கண்டவர் ‘படத்தில் இருந்ததுபோல் இல்லையே’ என்று ஏமாறுவாராயின், இழுக்கு மலையினதன்று.

நான்காவது கன்மம், அஃதாவது தொழில். இக்கோயிலைப்பற்றிய உண்மைகளுள் தலையாயது ஈண்டே உளது. விமானத்தின் மேற்பகுதி முற்றச் செதுக்கப்பட்டிருக்க, கீழ்ப்பகுதி முற்றுப்பெறாது கரடாய் நிற்கின்றது. இது குறையன்று, சான்று. மேல் முடிந்து கீழ் முடியாமையே, தச்சர் தொழில் மேலிருந்து கீழாக நடந்தது என்று கருதலளவையால் அறியச் செய்கின்றது. புகையைக் கண்டு நெருப்பை அறிதல்போல, உளிபடாத கல்லைக் கண்டு உளி நடந்த வழியை அறிகின்றோம். உலவும் படங்களிற் பலவோ சிகரத்தையும் திருவுருவங்களையும் நிறைத்துக் கொண்டு, கீழ்ப்பகுதியை விளிம்புக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. ஏதுவைத் துணித்தெறிந்து பக்கத்தை மட்டும் காட்டினால் அனுமானம் எங்ஙனம் பிறக்கும்?

அனுமானம் பிறவாத இடத்திற் கதை புகும். தந்தையும் மகனுமாகிய இரு சிற்பியருள், மகன் கைத்திறனைப் பொறாது தந்தை அவனைக் கொன்றான், அதனாற் கோயில் முற்றாது நின்றது என்பது செவிவழிக் கதை. கதையைக் கதையென்று கூறுதலிற் குற்றமில்லை. ஊரார் பல தலைமுறையாக அக்கல்லை நோக்கி நினைந்தது இதுவென அதுவும் காத்தற்குரியதே. ஆனால் வரலாறு இருக்கவேண்டிய இடத்திற் கதையை வைத்து, ‘இதனால் முற்றுப்பெறவில்லை’ என்று முடித்தல் உரையளவைக்கு இழுக்கு. ஆப்த வாக்கியமும் ஊர்வாய்ச் சொல்லும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே திரையில் தோன்றுதலின், படிப்பார்க்கு இரண்டும் ஒன்றாய்விடுகின்றன.

தட்சிணாமூர்த்தி திருவுருவம் பற்றியும் ஒன்று குறித்தல் வேண்டும். இறைவன் கைத்துடி படைத்தற்றொழிலைக் குறிக்கும் என்பது உண்மைவிளக்கம் கற்றார் அறிந்தது. அது கூத்தப்பெருமான் திருவுருவத்திற்கு உரைத்த பொருள். மிருதங்கத்தைக் கண்டவுடன் அப்பொருளை இத்திருவுருவத்தின்மேல் ஏற்றல் எளிது, சைவர்க்கு இனிதுமாம். எனினும் துடி வேறு, மிருதங்கம் வேறு. கூத்தன் வேறு, ஆலமர் செல்வன் திருக்கோலம் வேறு. இசைக்கருவி தாங்கிய தட்சிணாமூர்த்தி வடிவங்கள் உண்மையின், அவ்வரிசையில் வைத்தே இதனை ஆராய்தல் முறை. பத்தியால் வந்த பொருந்தாப் பொருளும் திரிபுக் காட்சியே என்பதைச் சைவர் தம்மவர்க்கே முதலிற் கூறல் வேண்டும்.

ஐந்தாவது பொருள். ‘கோடுடைய பசு’ என்றாற்போல, ஒன்று தன்னொடு சார்த்தி உடைத்தாயிருக்கும் பிறிதொன்றால் அறியப்படுவது இது. வெட்டுவான் கோயில் எதனை உடைத்து? முருகன் குடைவரையை உடைத்த மலையையும், சமணப் பாறையையும், கரிசல் நிலத்தையும் உடைத்து. திரையிலோ இவை மூன்று பக்கங்களாய் வேறு வேறு தலைப்பின்கீழ்ப் பிரிந்து கிடக்கின்றன. பத்தர் கழுகாசலமூர்த்தியின் பக்கத்தோடு மீள்வர். சிற்பம் விரும்புவார் வெட்டுவான் கோயிலோடு மீள்வர். சமண ஆராய்ச்சியாளர் பாறைமுகத்தோடு மீள்வர். மூவரும் ஒரு மலைக்குச் சென்றார் என்பது மூவர்க்கும் தெரியாது.

இப்பிரிவால் வரும் கேடு சிறிதன்று. சமண உருவங்களைப் புத்தர் எனப் பெயரிட்டுக் காட்டும் மயக்கம் தமிழ்நாட்டின் பல இடங்களில் நிகழ்வது. கழுகுமலைக் கல்வெட்டுக்கள் அம்மயக்கத்திற்கு இடந்தாரா. தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் 5ஆம் தொகுதியில் அச்சேறிய அவற்றில், உருவங்களைச் செய்வித்தார் பெயரும் ஊரும் உள. நாகர்கோயிலைச் சார்ந்த கோட்டாறு, இன்று சிதறால் எனப்படும் திருச்சாரணம் முதலாய ஊர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. குரத்தியர் எனப்படும் பெண்பால் ஆசிரியரும் குறிக்கப்படுகின்றனர். அழகிற் சிறந்த ஒரு விமானத்தைச் செய்வித்தார் பெயர் அதன்மேல் இல்லை. சிறிய ஓர் உருவத்தைச் செய்வித்தார் பெயர் அதன்கீழ் இருக்கின்றது. எண்மியப் படத்திற் பின்னையது எழுத்தாகத் தோன்றாது கீறலாகவே தோன்றும். வட்டெழுத்தைப் படித்துத் தருவார் இல்லாதவழி, பெயருடையார் பெயரிலிகள் ஆகின்றனர்.

சைவமும் சமணமும் ஒரு பாறையில் அருகருகே நிற்பதைக் கண்டு, ‘பகைமையின் அடையாளம்’ என்பாரும், ‘ஒற்றுமையின் அடையாளம்’ என்பாரும் உளர். அருகே நின்றமை மட்டும் இரண்டிற்கும் சான்றாகாது. அக்கல்வெட்டுக்கள் கூறுவன கொடையும் குருமரபும் ஊரும். அவற்றின்மேல் இக்காலத்தார் விருப்பையோ வெறுப்பையோ எழுதுதல் கல்லின்மேற் கரி பூசுதலை ஒக்கும். சித்தாந்தம் பிற மதங்களைப் பரபக்கத்துள் வைத்து ஆராயுங்கால், முதலில் அவர் கொள்கையை அவர் கூறியவாறே எடுத்துக் கூறுகின்றது. அந்நெறியைப் பாறைமுகத்திற்கும் வழங்குதல் சைவர்க்கு அழகு.

அற்றேல், எண்மிய உருவங்களாற் பயனில்லை போலும் எனின், அற்றன்று. மலைமேற் சென்றாரும் காணமாட்டாத பலவற்றைக் கருவிகள் காட்டவல்லன. சிகரத்தின் உச்சியை நிலத்தில் நிற்பார் காணார். பல திசையில் எடுத்த படங்களைக் கணக்கிட்டு இணைத்துச் செய்யும் முப்பரிமாண உருவில் அதனைத் திருப்பித் திருப்பிக் காணலாம். தேய்ந்த வட்டெழுத்தின்மேற் சாய்வாக ஒளிவிட்டு எடுத்த படத்தில், நண்பகல் வெயிலில் மறைந்த எழுத்துப் புலப்படும். மலையேற வலியில்லாத முதியோர்க்கும், கடல்கடந்து வாழும் தமிழர்க்கும் இவை பேருதவி. கல் தேய்ந்தபின்னும் அளவு நிற்கும் என்பதும் சிறு பயனன்று.

சைவ நூல்களின்பால் இப்பயன் முன்னரே விளைந்திருத்தல் கண்கூடு. 1955இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் ஆகமச் சுவடிகளைப் பெருமுயற்சியோடு தொகுத்தது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000 அடங்கிய தொகுதி, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2007இல் அந்நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியும் சேர்ந்து வெளியிட்ட ‘கணினித் தேவாரம்’, மூலபாடத்தையும் வி. மீ. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையையும் தலங்களின் நிலப்படத்தையும் பாடல் ஒலியையும் ஓரிடத்துச் சேர்த்தது. பாடல், பொருள், இடம், பண் என்னும் நான்கும் பிரியாது நிற்றலே அதன் சிறப்பு. படத்தையும் குறிப்பையும் ஒன்றினின்றொன்று பிரியாது காட்டுவது எங்ஙனம் என்பார்க்கு அஃது ஓர் இலக்கியம்.

ஆயினும் ஈண்டும் கரிசற் காட்டார்க்கு ஒரு குறை உண்டு. பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14. திருநெல்வேலி, திருக்குற்றாலம், திருச்சுழியல் என்பன இந்நிலத்தைச் சூழ நிற்ப, கோவிற்பட்டிக் கரிசலின் நடுவே ஒன்றும் இல்லை. எனவே தேவாரத்தின் வழியாக வருவார்க்கு இந்நிலம் வெற்றிடமாகத் தோன்றும். கழுகுமலைக்கோ பாட்டு இல்லாமல் இல்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாடிய காவடிச்சிந்து இப்பெருமான்மீது எழுந்ததே. காவடி எடுத்து வழிநடப்பார் அடிவைப்புக்கு இயைய அமைந்த அதன் சந்தத்தை, இன்று இருந்த இடத்தில் இருந்து கைப்பேசியிற் கேட்போர் பலர். கேட்டு மகிழ்க. அஃது எந்த மலையை நோக்கிய நடை என்பதையும் அக்கருவி உடன் காட்டுமாயின், பாட்டும் தலமும் மீளக் கூடும்.

இனி, திரையிற் காண்டல் தரிசனமாமோ என்னும் வினா எழும். 2020இல் பெருந்தொற்றால் திருக்கோயில்கள் அடைபட்டபோது, மதுரை மீனாட்சியம்மை திருக்கல்யாணம் மே 4ஆம் நாள் அடியார் கூட்டமின்றி நிகழ, அதனை இல்லங்களில் இருந்தே திரைவழிக் கண்டு வழிபட்டனர். அது வழிபாடன்று என்று கூற எவர்க்கும் மனம் வாராது. ஆகமநெறி நோக்கின், திருவுருவத்தின்கண் இறைவன் விளங்கி நிற்றல் மந்திரக் கிரியைகளான் ஆய பிரதிட்டையை உடைத்து. படத்திற்கு அஃதில்லை. படம் பாவனைக்குத் துணையாய் நிற்பது. இவ்விடை கழுகாசலமூர்த்தி சந்நிதிக்குப் பொருந்தும். வெட்டுவான் கோயிலுக்கோ இவ்விடை போதாது. முற்றுப்பெறாத அக்கோயிலில், முதலிற் கருதிய மூர்த்தியைப் பிரதிட்டை செய்தமைக்குச் சான்றில்லை. பிற்காலத்தே விநாயகர் திருவுருவம் ஒன்று வைக்கப்பட்டது. அங்ஙனமாயின் படத்திற்கு மட்டுமன்று, அக்கல்லுக்கும் அக்கிரியை நிகழ்ந்திலது. நேரே செல்வார் பெறுவதும் திரையிற் காண்பார் இழப்பதும் வேறொன்றாதல் வேண்டும்.

அது யாதென அறிதற்குப் பூசலார் நாயனார் வரலாறு துணைசெய்யும். எண்மியக் கோயிலைப் போற்றுவார் சிலர், ‘பூசலார் மனத்தாற் கட்டிய கோயிலைப் பெருமான் ஏற்றருளவில்லையா? கல் எதற்கு?’ என்று வினவக்கூடும். பெரியபுராணத்தைக் கூர்ந்து நோக்கின் அவ்வினாவிற்கு விடை ஆண்டே உளது. நின்றவூரிற் பூசலார், பொருள் கிடையாமையின், மனத்தின்கண்ணே பொருள் திரட்டி, தச்சரைத் தேடி, நாள் பார்த்து, அடிநிலை தொடங்கிச் சிகரம் ஈறாக ஒவ்வொன்றாக, பொழுதெல்லாம் உறங்காது எழுப்பினார். கச்சியில் மன்னன் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளை இறைவன் மாற்றச் செய்தது, நாயனார் கோயில் கல்லில்லாதது என்பதற்காகவன்று, அது குறைவறக் கட்டப்பட்டது என்பதற்காக. கல் உண்டோ இல்லையோ என்பதன்று வேறுபாடு. உள்ளம் உழைத்ததோ இல்லையோ என்பதே வேறுபாடு. விரலால் ஒருமுறை தள்ள மறையும் படத்திற்கும், ஆண்டு பலவாய் மனத்தில் எழுந்த கோயிலுக்கும் ஒப்புமை கூறுதல் நாயனார் தவத்தைச் சிறுமைப்படுத்துவதாம்.

திரைமுன் அமர்ந்தும் ஒருவர் பூசலாரைப்போல உழைக்கலாம். ஒரே படத்தை நெடும்பொழுது நோக்கி, இப்பட்டை எங்ஙனம் திரும்புகின்றது, இக்கல் ஏன் உளிபடாது நின்றது, இவ்வெழுத்து யார் பெயர் என்று வினவி வினவிக் கட்டிக்கொள்ளலாம். மலைமேற் சென்றும் உழையாது மீளலாம். படத்தை முன்னரே கண்டு செல்வார் பலர், அப்படத்தில் நின்ற இடத்தையே தேடி, ஆண்டு நின்று அதே படத்தை எடுத்துக்கொண்டு இறங்குகின்றனர். அவர் கண்கொண்டு கண்டது மலையை, மனங்கொண்டு கண்டது திரையை. எனவே நேர்க்காட்சி உயர்ந்தது, திரைக்காட்சி தாழ்ந்தது என்று பொதுப்படக் கூறலும் பொருந்தாது.

மலைக்கே உரியதாய்த் திரையாற் பெறலாகாத ஒன்று உண்டு. அது வலம். கழுகாசலமூர்த்தியின் கருவறை மலையிற் குடைந்தது ஆகலின், அப்பெருமானை வலம்வர விரும்புவார் மலையையே வலம்வருதல் வேண்டும். அங்ஙனம் வருவார் முருகனை மட்டும் வலம்வருவாரல்லர். மலையாகிய ஒருடலில் அமைந்த வெட்டுவான் கோயிலும் சமணப் பாறையும் அவ்வலத்துள் அடங்கும். ஒருபுறம் கரிசல் விரிய, ஒருபுறம் பாறை உயர, மூன்றும் ஒருமலையவாதல் காலால் அறியப்படும். திரை பிரித்ததைக் கால் சேர்க்கின்றது. எண்மியத் தொகுப்பைச் செய்வார் இவ்வலத்தின் ஒழுங்கைத் தம் தொகுப்பிற்கு ஒழுங்காகக் கொள்ளலாம். மூன்று பக்கங்களாகக் கிடப்பனவற்றை ஒன்றனை அடுத்து ஒன்று வருமாறு ஒரு வழியிற் கோத்தால், காண்பார் கால் நடவாதாயினும் கருத்தாவது நடக்கும்.

குறிப்பெழுதுதற்கும் ஒரு நெறி வேண்டும். கணினியாற் பழம்பொருள்களை உருவாக்கிக் காட்டுவார், எது சான்றுடையது, எது கருதிக்கொண்டது என்பதைக் காண்பார் அறியுமாறு பிரித்துக் காட்டல் வேண்டும் என்பது, 2006இல் தோன்றி 2009இல் திருத்தம்பெற்ற இலண்டன் சாசனம் என்னும் ஒழுங்குமுறையின் கருத்து. தமிழ்ப் பதிப்பாளர்க்கு இது புதிதன்று. ஏட்டில் இருந்ததையும் தாம் கருதிய பாடத்தையும் வேறுபடுத்தி, பாடபேதங்களை அடியிற் காட்டிய உ. வே. சாமிநாதையர் முதலியோர் கைக்கொண்ட நெறி இதுவே. சுவடிக்குச் செய்ததைக் கல்லுக்கும் செய்தல் வேண்டும். கல்வெட்டிற் காண்பது இது, கல்லின் அமைப்பாற் கருதப்படுவது இது, ஊரார் கூறுவது இது என மூன்று கூறாக எழுதினால், காட்சியும் கருதலும் உரையும் தத்தம் எல்லையில் நிற்கும். முற்றாத கீழ்ப்பகுதியைத் தவறாது காட்டுதலும், ஒவ்வோர் உருவிற்கும் அளவு குறித்தலும், அரைமலை என்னும் பழம்பெயரைச் சேர்த்தலும், சமணக் கல்வெட்டுக்களைப் படித்த பாடத்தோடு தருதலும் அதன்பாற் படும். வெட்டுவான் கோயில் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை காக்கும் சின்னம். கல்லைக் காத்தல் அத்துறைக்கு ஆம். பொருளைக் காத்தல் கற்றார் அனைவர்க்கும் ஆம்.

உயிரின் அறிவு காட்டினாலன்றிக் காணாது என்பது சைவம் கூறும் முடிபு. கண்ணுக்கு ஒளி காட்டுவது, உயிர்க்கு அருள் காட்டுவது. இவ்விரண்டிற்கும் இடையே, கீழ்ப்படியாகிய உலக அறிவில், காட்டும் பணியை இன்று திரை மேற்கொண்டிருக்கின்றது. திரை அறிவுடையதன்று. அதன் பின்னின்று காட்டுவார் அறிவே அதன் அறிவு. அவ்விடத்திற் கற்றார் நில்லாராயின் கல்லார் நிற்பர். உளிபடாத கல்லை விட்டுச் சென்ற தச்சர், தாம் செய்தது இவ்வளவு என்பதை மறையாது விட்டுச் சென்றனர். அக்கல்லின்மேல் அறிவு நடத்துவாரும், அறிந்தது இவ்வளவு என்று காட்டி நிற்பாராக.